மஞ்சள் ஸ்டிக்கரில் இருப்பவர்

நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தால், என் மரபணுப் பொருத்தங்களில் முதலாவதாக இருந்த உங்கள் பெயரைக் காணவில்லை. உங்கள் பரிசோதனை முடிவை யாருமே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, அன்றைக்கே நம் வாட்ஸ்அப் புலனக் குழுவில் என்னைப் பற்றிப் பொய் எழுதினீர்கள்.

இந்தத் திறந்த கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு இவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. விற்றாகிவிட்டது. இப்போது பாதி செம்பனை, பாதி புதுவீடுகள். அந்தத் தோட்டத்தில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளை எங்கெங்கிருந்தோ தேடிப் பிடித்துப் புலனத்தில் ஒரு குழுவாகச் சேர்த்தவர் இவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் கூலாயில் இருக்கிறேன். செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சரக்குச் சோதிக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிறந்தது அந்தத் தோட்டத்தில். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே எங்கள் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

டிஎன்ஏ பரிசோதனை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். அந்தக் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

"எல்லாரும் டெஸ்ட் எடுங்க லா. நம்ம ஆளுங்க எந்த ஊர்லேர்ந்து கப்பல் ஏறுனாங்க, யாரு யாருக்கு என்னா வேணும், எல்லாம் கண்டுபிடிச்சிரலாம். எச்சில் துப்பி அனுப்புறதுதான், ஊசிகூட கிடையாது. பயப்படாதீங்க. மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்னா இருக்கு?"

துப்பி அனுப்பினோம். நானும் அனுப்பினேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது.

அந்த இணையதளம் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று போட்டு அப்பா பெயர், அவ்வளவுதான். அது அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஒரே அப்பா பெயர் உள்ளவர்கள் எல்லாரையும் ஒரே குடும்பமாகச் சேர்க்கிறது. அப்பன் ஒரு குடும்பம், மகன் வேறு குடும்பம் என்று பிரிக்கிறது. ஒருவருடைய குடும்பப் பெயர் 'லெலாக்கி' என்று வந்திருந்தது. மலாய் மொழியில் ஆண் என்று அர்த்தம். யாரோ அடையாள அட்டையைப் பார்த்து, ஏ/எல்லின் விரிவான 'அனாக் லெலாக்கி'யை அப்படியே தட்டியிருக்கிறார்கள். டர்பனில் ஒருவர், மொரிஷியஸில் ஒரு அம்மாள், பினாங்கில் இரண்டு பேர் என்று பொருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. செய்தி அனுப்பினால் பதில் வராது. பதில் போட்ட ஒருவரும் தன் தாத்தா பெயர் தனக்கே தெரியாது என்றார்.

இன்னொரு தொல்லை. நம் ஆட்கள் மாமன் மகளைக் கட்டினார்கள், அக்காள் மகளையும் கட்டினார்கள். அதனால் தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம் மாதிரி கூடுதலாகப் பொருந்தும். இணையதளத்துக்கு இது தெரியாது. கஸின் என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரையும் அதில் தள்ளுகிறது. நமக்குக் கஸின் என்று யாருமே கிடையாது. பெரியப்பா மகன் என்றால் அண்ணன். அத்தை மகன் என்றால் மச்சான், கட்டிக்கொள்ளும் முறை. ஒருவரை எந்த வழியில் சேர்ப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்து கூப்பிடக்கூட முடியாது.

கணினியில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் போனது. தொழிற்சாலையில் செய்த மாதிரியே செய்துகொண்டேன். என் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கர்கள் ஒட்டினேன். ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர். அம்மா பக்கத்து ஆட்களுக்குப் பச்சை. அப்பா பக்கத்து ஆட்களுக்கு நீலம். எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களுக்கு மஞ்சள். தொழிற்சாலையில் மஞ்சள் என்றால் நிறுத்திவை என்று அர்த்தம். பார்க்க நன்றாக இருக்கும், சோதனையில் ஏதோ உதைக்கும். அந்தச் சரக்கைத் தள்ளவும் மாட்டோம், அனுப்பவும் மாட்டோம். மஞ்சள் ஒட்டி ஓரமாக வைப்போம். தினமும் சேலை எடுக்கக் கதவைத் திறந்தால் யாரோ ஒரு மஞ்சள் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அலுத்துப்போய்விட்டது. வேறு பெண்கள் இந்த வயதில் கோயில் பயணம் போகிறார்கள்.

உங்கள் பெயர் வந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. மிக நெருங்கிய உறவு, அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரராக இருக்கலாம், அல்லது அதற்கு ஈடான வேறு உறவாக இருக்கலாம் என்று இணையதளம் போட்டது. நாம் சிரித்தோம். நீங்களே குழுவில் விளக்கம் எழுதினீர்கள். உங்கள் அம்மாவும் என் அப்பாவும் ஒரே ஊர், ஒரே குலசாமி, அண்ணன் தங்கை முறை. அந்தக் குடும்பங்கள் உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் எண் ஏறிப்போய்விட்டது. ஆகவே நீங்கள் எனக்கு அத்தை மகன், நான் உங்களுக்கு மாமன் மகள். எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். நான் மட்டும் உங்களுக்கு மஞ்சள்தான் ஒட்டினேன். சந்தேகம் எதுவும் இல்லை. என் பெரியப்பா மகனுடைய முடிவும் வரட்டும், அப்புறம் நீலம் ஒட்டலாம் என்று ஒரு பழக்கதோஷம்.

அந்த மாதம் சிம்பாங் ரெங்கத்தில் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றீர்கள். நான் தட்டோடு வந்தேன்.

"வாங்க மாமன் மகளே. கறி போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா?"

"என்னா மச்சான், தனியா வந்திருக்கீங்க? வீட்டுல அக்கா எப்படி விட்டாங்க?"

"அவள கூட்டிட்டு வந்தா உன்கூட எப்படி பேசுறது?"

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "அலமாக், இதுங்க ரெண்டும் தோட்டத்துலயே இருந்திருந்தா பேசி முடிச்சிருப்பாங்க" என்றார்.

"தப்பிச்சேன் லா," என்றீர்கள். "இவ வாய்க்கு நான் தாங்குவேனா? என்னையும் சோதனை பண்ணி ரிஜெக்ட்னு ஓரமா போட்டிருப்பா."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அறுபதை நெருங்கும் இரண்டு பேர் மாமன் மகள், அத்தை மகன் என்று வம்பளக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. உங்களுக்கும் கூசியிருக்கும். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை.

பெரியப்பா மகனுடைய முடிவு வந்தது. என் அப்பாவுடைய சொந்த அண்ணன் மகன். எனக்கும் அவனுக்கும் ஒன்றுமே பொருந்தவில்லை. கொஞ்சம்கூட. ஆய்வுக்கூடத்தில் எச்சிலை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து அவனை மறுபடியும் அனுப்ப வைத்தேன். மறுபடியும் அதேதான். உங்களோடும் அவனுக்குப் பொருந்தவில்லை. அண்ணன் தங்கை முறை, ஒரே குலசாமி என்று நீங்கள் எழுதிய கணக்கு அங்கேயே உடைந்தது.

அடுத்து என் தாய்மாமாவை எடுக்கச் சொன்னேன். மாமா எனக்கு ஒழுங்காகப் பொருந்தினார். உங்களோடு அவருக்குப் பொருத்தம் இல்லை. ஆகவே நீங்கள் என் அம்மா பக்கத்து ஆளும் கிடையாது. அப்புறம் நீங்கள் வற்புறுத்தி எடுக்க வைத்த உங்கள் சித்தப்பாவின் முடிவும் வந்தது. உங்கள் அப்பாவின் தம்பி. அவர் எனக்குச் சித்தப்பாவுக்குரிய அளவில் பொருந்தினார்.

இதில் பெரிய அறிவு ஒன்றும் தேவைப்படவில்லை. கதவில் நீலம் ஒட்டியிருந்த பக்கத்தில் எனக்குச் சொந்தமானவர் ஒருவரும் இல்லை. நடுவில் நீங்களும் உங்கள் சித்தப்பாவும் மஞ்சளில் இருந்தீர்கள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அப்பா பெயரைச் சொல்லி, தெரியுமா என்றேன். அம்மா திரும்பவில்லை.

"ரப்பர் பால் லோரி ஓட்டுனவரு," என்றார்.

"அவருதான் என்னோட அப்பாவாம்மா?"

நாடகத்தில் விளம்பரம் வரும்வரை திரையையே பார்த்தார். அப்புறம் சொன்னார். "அவரு மேல மட்டும் பழி போடாத. என்னை யாரும் கையப் புடிச்சு இழுக்கல. கல்யாணம் ஆனவருன்னு தெரியும். புள்ள நின்னுடுச்சின்னு சொன்னேன். என்னோடது இல்ல, பொய் சொல்றேன்னாரு. வெரட்டுல வச்சி, ஆளுங்க முன்னால சொன்னாரு."

வெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கும் இடம். தோட்டமே அங்கே நிற்கும்.

"அப்பாவுக்கு?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதான் கட்டுனாரு. நீ பொறந்ததும் அடுத்த தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு நாளும் அதச் சொல்லிக் காட்டுனதில்ல."

அவ்வளவுதான் அம்மா பேசியது. என் அடையாள அட்டையில் ஏ/பி போட்டு இருக்கிற பெயர் அந்த மனிதருடையது. அதை மாற்ற நான் எங்கும் போய் நிற்கப்போவதில்லை. என்னை வளர்த்தவர்தான் என் அப்பா. இது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் உங்களைப் பார்க்க வந்தேன். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மாமாவையும் பெரியப்பா மகனையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், மாமாக் என்று சொல்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நீங்கள் தே தாரிக் சொன்னீர்கள். எல்லா முடிவையும் போனில் காட்டினேன். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தபடி, "அண்ணே" என்று ஆரம்பித்தேன்.

"சிஸ்டர்," என்றீர்கள். "இந்த நம்பர வச்சிக்கிட்டு இப்படியெல்லாம் பேசக்கூடாது."

"போன மாசம் வரைக்கும் மாமன் மகளேன்னு கூப்பிட்டீங்க."

"அது தமாசு."

"அப்ப இது என்னா?"

"நம்மளுது எல்லாம் உள்ளுக்குள்ளேயே கட்டுனது. கூடத்தான் காட்டும். நானே எழுதியிருக்கேன்ல?"

"கூடத்தான் காட்டும்னா, என் பெரியப்பா மவனோட ஏன் ஒண்ணுமே காட்டல? உங்க சித்தப்பாவோட ஏன் காட்டுது?"

நீங்கள் கரண்டியால் தேயைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். அது ஏற்கனவே கலந்துதான் இருந்தது.

"எங்கம்மா இருக்காங்க, சிஸ்டர். வயசானவங்க. இதக் கேட்டா தாங்க மாட்டாங்க."

"எங்கம்மாவும்தான் இருக்காங்க."

"உங்களுக்கு என்னா வேணும்? அதச் சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம். தங்கச்சின்னு ஒரு தடவ சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம். இங்க, என்கிட்ட சொன்னா போதும். நான் எங்கம்மாகிட்ட போயி சொல்லிருவேன். உங்களையும் எங்க வீட்டு ஆளுங்களையும் தவிர யாருக்கும் தெரியாது."

கடைக்காரரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டீர்கள். அப்புறம் வெளியே பார்த்தீர்கள். "மழை வரப்போவுது, சிஸ்டர். ஜாம் ஆயிடும். கெளம்புங்க."

சிஸ்டர் என்பது என்ன வார்த்தை என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மருந்துக் கடையில் கேட்கிறார்கள், சிஸ்டர், பை வேணுமா. கார் நிறுத்துமிடத்தில் சொல்கிறார்கள், சிஸ்டர், வண்டிய கொஞ்சம் தள்ளுங்க. யார் என்று தெரியாத, தெரிந்துகொள்ளவும் வேண்டாத பெண்ணுக்கு உள்ள வார்த்தை அது. நான் உங்களுக்கு யாரோவாக இருந்தபோது மாமன் மகளே என்று வாய் நிறையக் கூப்பிட்டீர்கள். தங்கை என்று தெரிந்த அன்றைக்கு சிஸ்டர் ஆக்கினீர்கள்.

நீங்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் அம்மாவை நினைத்துப் பயந்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் உங்கள் முடிவை மறைத்தீர்கள். உங்கள் சித்தப்பாவுடையதையும் மறைக்க வைத்தீர்கள். பிறகு குழுவில் எழுதினீர்கள்.

"வணக்கம். குழுவில் உள்ள ஒரு சிஸ்டர், தம்முடைய டிஎன்ஏ முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு, மறைந்த என் தந்தையாரைப் பற்றித் தேவையற்றதைப் பேசி வருகிறார். அந்த சிஸ்டருக்கும் எனக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய தாயாரைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை."

மறைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். சொல்ல விரும்பவில்லை என்று எழுதியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். ஒரு சிஸ்டர் என்றால் யார் என்று அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் பதில் எழுதப் போனேன், முடியவில்லை. நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டியிருந்தீர்கள். வெரட்டில் நின்று உங்கள் அப்பா என் அம்மாவைப் பொய்க்காரி என்றார். அங்கேயும் அவரைத் தவிர யாருக்கும் வாய் இல்லை. நீங்கள் அதையே போனில் செய்தீர்கள்.

மாமாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கோபத்தில், அம்மா காதுபட அதை வாசித்துவிட்டார். தாயாரைப் பற்றி என்ற இடம் வந்ததும்தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பாதியில் நிறுத்தினார். நான் போனைப் பிடுங்கினேன். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஏதோ எழுத்து, லோரிக்காரர் மகன் எழுதியது என்பதுவரை பிடித்துக்கொண்டார்.

"என் மவள என்னான்னு போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

நான், "சிஸ்டர்னு போட்டிருக்காரும்மா" என்றேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்டது, தொலைக்காட்சியில் கேட்டது, அவ்வளவுதான்.

"சிஸ்டர்னா தங்கச்சிதானே?"

மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

"எல்லாரும் பாக்குற மாரியா போட்டிருக்கான்?"

"ஆமா. எல்லாரும் பாக்குற மாரிதான்."

"அப்ப ஒத்துக்கிட்டான்," என்றார் அம்மா. "அப்பன் மாரி இல்ல. பரவால்ல." தலையணையைச் சரிசெய்துகொண்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். மாமா வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அண்ணன் போன் போட்டானா. அவனுக்கு எத்தனை பிள்ளைங்க. தீபாவளிக்கு வரச் சொல்லு, எனக்குக் கைகால் நல்லா இருக்கும்போதே வரச் சொல்லு. சிங்கப்பூர் வேலையாக இருக்கிறார் என்றேன் ஒரு தடவை. ஓய்வு பெற்றுவிட்டதாகத்தானே நீ சொன்னாய் என்று திருப்பிக் கேட்டார். காதுதான் போயிருக்கிறது, மூளை போகவில்லை. இந்த வயதில் நான் தினமும் ஒரு பொய் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பொய் வராது. வேலை செய்த இடத்திலும் வந்ததில்லை, அதனால்தான் மஞ்சள் ஸ்டிக்கர் வேலையைக் கொடுத்தார்கள்.

இணையதளத்தில் நீங்கள் இல்லை. என் அலமாரிக் கதவில் இருக்கிறீர்கள், இன்னும் மஞ்சளில்தான். பொருத்தம் பார்க்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். மொரிஷியஸ் அம்மாளுக்குக்கூட இப்போது எழுதுவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கணினியில் கிடைக்காது.

தனியாகச் சொல்லுங்கள் போதும் என்று கடையில் கேட்டேன். அந்த நாள் போய்விட்டது. எல்லார் முன்னாலும் நீங்கள் இல்லை என்றீர்கள், இனி எல்லார் முன்னாலும்தான் பேச வேண்டும். குழுவைப் பூட்டியவர் நீங்கள், அதைத் திறந்துவிடுங்கள். மறைத்த முடிவையும் திறந்துவிடுங்கள். பிறகு, அந்த சிஸ்டர் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். என் அம்மா அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, அப்படி எழுதுங்கள். முடியாது என்றால், முடிவைத் திறந்து வைத்துக்கொண்டே, இவள் எனக்குத் தங்கை இல்லை என்று எழுதுங்கள். உங்கள் பெயரில், குழுவில், எல்லாரும் படிக்கும்படி. தீபாவளிக்கு முன்னால் பதில் சொல்லுங்கள், அண்ணே. அம்மா கேட்டால் நான் போனை அவர் கையில் கொடுக்க வேண்டும்.